வெளிச்சத்தைக் குறைத்தவன்

தும்பைப் பூவைப் படம் பிடிப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. பூ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் வெள்ளை வேறு எந்த வெள்ளையோடும் சேராது. கிட்டே போய் ஃபிளாஷ் அடித்தால் இதழும் இல்லை, மடிப்பும் இல்லை. யாரோ சுண்ணாம்பைத் தொட்டுக் காகிதத்தில் தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் விழும். அந்தத் திட்டை ஒழிக்க நான் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினேன். ஒழித்தும் விட்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் எதையும் நான் என் ஆயுளில் செய்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியன். என் மனைவி ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் எடுத்தாள். அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அவளுக்கு அத்தான்தான். அவள் ஊர் சாத்தான்குளம் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும்கூட மாமன் மகன், அத்தை மகள்தான். எங்கள் குடும்பங்களில் பெண்ணை வெளியே கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே மாட்டார்கள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் செடி பார்க்கக் கிளம்புவோம். துறைமுகத்துக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். வரப்பு ஓரத்தில் உமரி, நெருஞ்சி, எருக்கு. கடற்கரையில் அடம்பு. மழை பெய்தால் தும்பை. வெறும் களை என்று ஊரே தாண்டிப் போகிற இந்தப் பூக்களைத்தான் அவள் உட்கார்ந்து வரைவாள். கைக்குள் அடங்கும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தாள். முட்டி போட்டு, கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவை நோக்கிக் குனிவாள். பார்த்து முடித்ததும் நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். செடிமீது எனக்கு அவ்வளவு காதல் எல்லாம் கிடையாது. எனக்கு அது சம்பளம் தருகிற பாடம்.

ஒருநாள் உப்பள வரப்பில் அவள் நெருஞ்சிப் பூவைத் தேடிக்கொண்டே அந்தப் பூவின் மேலேயே நின்றாள். "ஏளா, காலுக்குக் கீழ பாரு" என்றேன். அவள் கால் இருந்த இடத்தைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு பூதக்கண்ணாடிக்குள் பூவைக் கொண்டுவர அவள் தடுமாறியதைப் பார்த்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. மாலை ஆனதும் முற்றத்தில் அவள் வாளியில் இடித்துக்கொள்வதையும் அவசரப்புத்தி என்றுதான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, அவளுடைய பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்பது. ஆமாம் என்றோம். பிறகு நிதானமாகச் சொன்னார். விழித்திரையில் வருகிற வியாதி, மருந்து கிடையாது. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத் தெரியும், பிறகு அதுவும் மங்கும். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ சொல்ல முடியாது என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதில் பார்வை குறையும் என்கிற ஒரு சொல்தான் மண்டையில் ஏறியது. மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை. கோவில்பட்டி தாண்டியதும் இரண்டு விஷயம் சொன்னாள்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காவ. எனக்குக் கண்ணு போவுதுன்னு வெளிய தெரிஞ்சா அவளையும் எவனும் கட்ட மாட்டான். அவ கல்யாணம் முடியுத வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும் அத்தான்."

நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "கண்ணு இருக்கும்போதே நம்ம பூ எல்லாத்தையும் இன்னொருக்க பாத்துறணும்" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்கவில்லை.

பூதக்கண்ணாடி இனி உதவாது. அப்படியானால் நான் பூவைப் படம் எடுத்து, பெரிதாக்கி, அவள் கையில் கொடுப்பேன் என்று முடிவுகட்டினேன். கல்லூரியில் ஒரு பழைய கேமரா இருந்தது. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற மூன்று வளையங்களும் அதோடு இருந்தன; மாட்டினால் சின்னப் பொருள் பெரிதாகத் தெரியும். ஃபிளாஷ் மட்டும் இல்லை. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் தான் கொண்டுவந்த ஃபிளாஷை எனக்கு விற்றார். கல்யாணம் காட்சிக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு எப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். எருக்குப் பூவுக்கு என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதல் பிலிம் சுருளை எங்கள் தெருமுனை ஸ்டூடியோவில் கழுவினோம். ஸ்டூடியோ அண்ணாச்சி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய்க்கு ஓய்வே கொடுக்காதவர். தும்பைப் படத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்து, "சார்வாள், பூவ எடுத்தியளா, பல்பை எடுத்தியளா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். ஃபிளாஷ் எட்டாத பின்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. நடுவில் அந்த வெள்ளைத் திட்டு, ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியது போல. இதழில் ஒரு நரம்புகூட இல்லை.

வெட்கத்தோடுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் ஜன்னல் பக்கம் போய், போஸ்ட் கார்டு அளவுகூட இல்லாத அந்தப் படத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிடித்த உடனே, "அத்தான், தும்பை!" என்றாள். குரல் அப்படித் துள்ளியது. "இந்தா பூவோட மேல் உதடு, இந்தா கீழ் உதடு."

"இது கெட்ட படம். வெளுத்துப் போச்சு. நல்லதா எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கிட்டத்தட்டப் பிடுங்கினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது ஒரு பைத்தியம். வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது என்பதே கல்லூரியிலும் நினைப்பு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாரின் பிரசங்கத்துக்கு நடுவிலும் நினைப்பு. முதலில் ஃபிளாஷின் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டினேன். ஒரு மடிப்பு போதவில்லை. இரண்டு மடிப்பு வைத்தால் வெளிச்சம் சாந்தமானது. பிறகு ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றி, நீளமான ஒயர் போட்டு, பூவுக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். தூரத்தில் பிடித்தால் வெளிச்சம் மெத்தென்று விழும் என்றுதான் எவனும் நினைப்பான். நேர்மாறு. கைக்குட்டை கட்டிய ஃபிளாஷைப் பூவுக்கு ஒரு சாண் கிட்டத்தில் கொண்டுவந்தால்தான், அந்தச் சின்னப் பூவுக்கு அது பெரிய ஜன்னல் மாதிரி ஆகி, நாலா பக்கமும் தடவிக் கொடுக்கிறது. கிட்டே வந்ததற்குத் தகுந்தபடி லென்சின் துவாரத்தை மட்டும் சுருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சுருள் ஆயிற்று. கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வாயெல்லாம் பல்.

நிழல் விழுகிற பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஏதாவது வேண்டும். முத்துச் சிப்பியின் உள்பக்கம் பளபளவென்று இருக்கிறதே என்று கடற்கரையில் ஒன்று பொறுக்கி வந்து வைத்துப் பார்த்தேன். அது வெளிச்சத்தை அங்கங்கே ஊசிக் குத்தாகக் குத்தியது. தூக்கி எறிந்துவிட்டு ஒரு வெள்ளை அட்டையை வைத்தேன், சரியாக இருந்தது. பூவுக்குப் பின்னால் விழும் கறுப்பு என் கண்ணை உறுத்தியது. அங்கேயும் ஒரு சாம்பல் நிற அட்டையைச் சாய்த்து வைத்தேன். எருக்குப் பூ மெழுகு பூசியது மாதிரி மினுங்கும். எந்தக் கோணத்தில் அடித்தால் அந்த மினுக்கம் லென்சுக்கு வராமல் போகும் என்று தரையில் படுத்துக் கணக்குப் பார்த்தேன். உமரியில் உப்புத் துகள் ஒட்டி மின்னும். அவள் வரைகிற தூரிகையால் அதைத் துடைத்துவிட்டு எடுத்தேன். காற்று ஒருபக்கம், ஆடு ஒருபக்கம். அரைமணி நேரம் தயார்செய்து வைத்திருந்த பூவை ஒரு வெள்ளாடு என் கண்முன்னால் தின்றுவிட்டுப் போனது. அதைக் கல்லெடுத்துக்கொண்டு உப்பளம் முழுக்கத் துரத்தியிருக்கிறேன்.

வெயிலில் வெகுநேரம் அலைய அவளால் முடியாமல் போனதால் அப்போது நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். உப்பின் வெளுப்பு அவள் கண்ணைக் கூசவைத்தது.

ஸ்டூடியோ இருட்டறையிலும் நான் விடவில்லை. பிரிண்ட் போடுகிற காகிதத்தில் தரம் உண்டு. நம்பர் நாலு போட்டால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பளிச்சென்று பிரியும். நம்பர் ஒன்று மென்மையானது, நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் தரும். நான் நம்பர் ஒன்றில்தான் நிற்பேன். அதோடு ஓட்டை போட்ட ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை விழுந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டி, அந்தக் காகிதம் வெளிச்சம் பட்டால் கறுக்கும் என்பதால், அதையும் அமர்த்திவிடுவேன். "இப்படிப் போட்டா படத்துல உப்பு சப்பே இருக்காது சார்வாள்" என்று அண்ணாச்சி முனகுவார். உமக்கு என்ன தெரியும், கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் அடிக்கிற ஆள் நீர் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அடுத்த மழைக்குப் பூத்த தும்பையின் இதழ்மேல் இருக்கிற மெல்லிய மயிர்கூட என் படத்தில் விழுந்தது. எங்கேயும் ஒரு திட்டு இல்லை. எல்லாம் பட்டாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து வந்ததும், புதுப் படத்தை ஜன்னல் பக்கத்தில் வைத்து அவள் கையில் கொடுப்பேன். முதலில் உள்ளங்கை அளவு, பிறகு நோட்டுப் புத்தக அளவு. கண் குறையக் குறையப் படம் பெரிதாக வேண்டும் என்பது என் கணக்கு. கடைசியில் சுவரில் மாட்டுகிற காலண்டர் அளவுக்குப் போய்விட்டேன்.

"சின்னதாவே போடுங்க அத்தான். கையில வச்சுப் பாக்கச் சௌரியமா இருக்கும்" என்று ஒரு தடவை சொன்னாள். சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்து, "நீ பாரு, அது போதும்" என்றேன்.

கொடுக்கும்போதே, "இது நெருஞ்சி, துறைமுக ரோட்டுல எடுத்தது" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு எதழு, பத்து மகரந்தக் கேசரம், நல்லா வந்திருக்கு அத்தான்" என்பாள். நரம்பு தெரியுதா என்று கேட்பேன். தெரியுது என்பாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கைக்குட்டையை எப்படி மடித்தேன், அட்டையை எங்கே வைத்தேன் என்று அரைமணி நேரம் அளப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் கண் அப்படி ஒன்றும் மோசமாகிவிடவில்லை என்று நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். திருச்சபையில் வருஷத்துக்கு ஓர் அட்டவணை கொடுப்பார்கள். இன்ன தேதிக்கு வேதத்தில் இன்ன அதிகாரம் என்று அதில் இருக்கும். நான் அட்டவணையைப் பார்த்து அதிகாரத்தைச் சொல்வேன், புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன், அவள் வாசிப்பாள். கல்யாணமான நாள்முதல் வாசிப்பது அவள், ஜெபம் பண்ணுவது நான். மங்கலான விளக்கில் பொடி எழுத்தை அவள் தங்குதடையில்லாமல் வாசிப்பதைக் கேட்டு, டாக்டர் பயமுறுத்திவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

அந்த வருஷம் தவக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், அட்டவணையில் வம்ச வரலாறு வந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாக வெறும் பெயர்களே வருகிற அதிகாரம். எடுத்துக் கொடுத்தேன். அவள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு நீங்க வாசிங்க அத்தான், தொண்டை கட்டியிருக்கு" என்றாள். வாசித்தேன். மறுநாளும் பெயர்ப் பட்டியல்தான். மறுநாளும் தொண்டை. மூன்றாம் நாளும் அப்படியே. ஆனால் பகலில் பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் கணீர் என்று பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது.

நாலாம் நாள் எனக்குப் பொறி தட்டியது. மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தவள் அவள். வேதத் தேர்வுக்காக அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்து, வருஷா வருஷம் பரிசு வாங்கினவள். இதை நானே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலை மட்டும் எந்த மிஷன் பள்ளியிலும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டார்கள். எத்தனை மாதமாக அவள் வாசிக்காமல் மனப்பாடமாகவே சொல்லிக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போலப் படத்தைக் கொடுத்தேன். இந்தத் தடவை என்ன பூ என்று சொல்லவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காததால் படத்தைத் தூக்கி, கிட்டே கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கட்டைவிரல் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனது.

"அடம்புதான?" என்றாள்.

படத்தில் இருந்தது எருக்கு. சனிக்கிழமை நான் கடற்கரைக்குப் போயிருந்தது அவளுக்குத் தெரியும். கடற்கரை மணலில் அடம்புதான் படரும். அதை வைத்துச் சொல்லியிருக்கிறாள். எருக்கை நான் திரும்பி வருகிற வழியில் எடுத்தேன்.

"ஆமா, அடம்புதான்" என்றேன்.

அவள் படத்தை மடியில் வைத்தாள். "பொய் சொன்னா நீங்க தொண்டையச் செருமுவிய அத்தான்" என்றாள். தெருவில் உப்பு லாரி ஒன்று போனது.

அவளே ஆரம்பித்தாள். "மொத மொத ஒரு தும்பை கொண்டாந்தியள்லா, சுத்தியும் கருப்பா, நடுவுல பளீர்னு? அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கொண்டாந்தது எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு. எங்கன பூ முடியுது, எங்கன அட்டை தொடங்குதுன்னே தெரியல."

"பெருசு பெருசாப் போட்டேனே, அதுவுமா தெரியல?"

"பெருசாப் போட்டா ஒரு எதழுக்குள்ளயே நிக்கேன். சுத்திச் சுத்தித் தேடுதேன். பூவு கெடைக்க மாட்டேங்கு."

சாவித் துவாரம் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாவித் துவாரத்தின் வழியாகக் காலண்டர் அளவுப் படத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் கறுப்பையும் வெள்ளையையும் கண்ணும் கருத்துமாகத் துடைத்து எடுத்துவிட்டு.

"ஏளா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். என் கோபம் எப்போதும் தவறான ஆள்மீதுதான் பாயும்.

"அந்த வெளிச்சத்தக் குறைக்கதுக்கு நீங்க என்ன பாடு பட்டிய. படத்தக் குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பிய. எப்படிச் சொல்லுவேன் அத்தான்?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பழைய நெகட்டிவ் எல்லாவற்றையும் எடுத்து, நம்பர் நாலு காகிதத்தில், உள்ளங்கை அளவில் போடச் சொன்னேன். "நம்பர் ஒண்ணு ஒண்ணுன்னு இத்தன நாளா உசிர எடுத்திய, இப்ப நாலு கேக்குதியளா?" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு கடுமையான காகிதத்தில் போட்டாலும், எடுக்கும்போதே ஒழித்த வெளிச்சம் திரும்பி வருமா? எழுபத்திரண்டு படத்தில் அவளுக்குத் தெரிந்தது இரண்டு. நெருஞ்சி ஒன்று, ஊமத்தம் பூ ஒன்று. நெருஞ்சியைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு வரப்பில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. அந்த இரண்டோடு சரி.

மற்றதைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். கைக்குட்டையைக் கழற்றி எறிந்தேன், அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அப்போது சித்திரை வெயில். உப்பள வரப்பில் உமரியைத் தவிர எல்லாம் கருகிக் கிடந்தது. எருக்கும் அடம்பும் கிடைத்தன. வெறும் ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடித்து எடுத்துக் கொடுத்தேன். எருக்கு தெரிந்தது. அடம்பு, இருக்கிற மாதிரி இருக்கு என்றாள். அவள் அதிகமாக ஆசைப்பட்ட தும்பைக்கும் மற்றச் சின்னப் பூக்களுக்கும் மழை வர வேண்டும். எங்கள் பக்கத்தில் மழை என்றால் ஐப்பசிதான். ஆறு மாதம் இருந்தது. வானத்தைப் பார்த்துப் பார்த்து நான் திட்டாத திட்டு இல்லை.

ஆவணியில் அவள் தங்கைக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தலில் அவள் என் தோளோரமாகவே நடந்தாள். புருஷன் பெண்டாட்டிக்குள் எவ்வளவு ஒட்டுதல் என்று ஆட்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துச் சமாளித்தாள். அதற்குள் அவள் பள்ளிக்கூட வேலையை, தலைவலி என்று சொல்லி விட்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. பத்து நாளில் எங்கள் காம்பவுண்டு சுவர் ஓரமாகவே தும்பை பூத்தது. எத்தனை வெளிச்சம் கொடுக்க முடியுமோ அத்தனையையும் கொடுத்து எடுத்தேன். இருட்டறையில் நானே நின்று, அண்ணாச்சியிடம் இருந்ததிலேயே கடுமையான காகிதத்தில் போட்டேன். கறுப்பு மையாக இருந்தது, வெள்ளை கண்ணைக் குத்தியது. இதைவிடப் பளிச்சென்று ஒரு படம் இருக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டு, ஈரம் காயும் முன்னே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"தும்பை" என்று சொல்லியே கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போனாள். கிட்டே பிடித்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல அத்தான்" என்றாள்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாரு."

"பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல."

ஒன்றரை வருஷம் அவளுக்குக் கண் இருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் போதும்; என் கெட்ட படங்களையே வாராவாரம் அவள் கையில் கொடுத்திருந்தால், உப்பளத்தில் உள்ள அத்தனை பூவையும் அவள் பார்த்து முடித்திருப்பாள். அந்தக் காலத்தை முழுக்க நான் சாம்பலாக்கிவிட்டேன். இதைச் சொல்லி நான் அவள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க அத்தான்" என்றாள். பிறகு, "தங்கச்சி கல்யாணந்தான் முடிஞ்சாச்சே. இனிமே யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லல்லா? நாளைக்குக் கோயிலுக்குப் போவும்போது என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறியளா?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் ஊரில் அந்நாளில் தெருவில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி கையைப் பிடித்து நடந்ததில்லை. நான் பிடித்தேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதிரி ஐயர் கோயில் வாசலில் நின்று பார்த்தார். கோயில் முன்னால் வந்ததும் அவள் நின்றாள். "படி வந்துட்டா?" என்று கேட்டாள். "வந்துட்டு, ஏறு" என்றேன். அவள் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏழு படியையும் ஏறினாள். எத்தனை நாளா எண்ணி ஏறுத என்று கேட்டேன். மதுரைக்குப் போறதுக்கு முன்ன இருந்தே என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று அந்தப் படியில் ஏறிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவள் கையை விடாமல் மேல்படியில் நின்று, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.